புது டிஸ்ப்ளேயைப் போன் ஏன் ஏற்க மறுக்கிறது? பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

டிஸ்ப்ளே மாற்றிய மறுநாள் போனின் செட்டிங்ஸில் ‘அறியப்படாத பாகம்’ என்று எச்சரிக்கை வந்தால், கடைக்காரர் டூப்ளிகேட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என எந்த ஊர் மொபைல் கடையிலும் இந்தச் சண்டை நடக்கிறது. “ஏனுங்க, ஒரிஜினல்னு சொல்லித்தானுங்க காசு வாங்குனீங்க?” என்று வந்தவர் கேட்பார். “ஒரிஜினல்தானுங்ணா, இதே மாடல் போன்ல இருந்து கழட்டிப் போட்டதுங்க” என்று கடைக்காரர் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

அவர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அந்த எச்சரிக்கைக்குப் பாகத்தின் தரம் தெரியாது. இந்தப் பாகம் இந்தப் போனுக்கு உரியது என்று நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நல்ல பாகம் பதிவாகாமல் இருக்கலாம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், பழுதுபார்க்கும் உரிமை என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தின் மையம் பிடிபட்டுவிடும்.

தோட்டத்து மோட்டாரில் தொடங்கலாம்

கொங்குநாட்டில் மோட்டாரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடெங்கும் பம்ப்செட் செய்து அனுப்பும் ஊர் கோயம்புத்தூர். அவிநாசியிலோ காங்கேயத்திலோ தோட்டத்து மோட்டார் புகைந்து நின்றால், கழற்றி வண்டியில் ஏற்றி, பக்கத்து ஊரில் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோவோம். எரிந்த காயிலைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அதே கணக்கில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் விட்டுக் காயவைத்துத் தருவார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் அதன் மேல் பொறித்த எண்ணைச் சொல்லி எந்தக் கடையிலும் வாங்கலாம். 6203 என்று கேட்டால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர் உள்ள பேரிங் வரும். யார் தயாரித்தாலும் இதே அளவுதான்.

இத்தனைக்கும் நடுவே மோட்டார் செய்த கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பிறகு மோட்டார் நம்முடையது.

இப்போது அந்த மோட்டாருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேரிங்கிலும் அதற்கென்று தனி எண். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் பேரிங்கின் எண்ணைக் கேட்கிறது. புதுப் பேரிங் அதே கம்பெனியுடையதுதான், அதே அளவுதான். ஆனால் கம்ப்யூட்டரின் குறிப்பில் இருப்பது பழைய பேரிங்கின் எண். அதனால் மோட்டார் பாதி வேகத்துக்கு மேல் ஓட மறுக்கிறது. குறிப்பில் எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால், கம்பெனி அனுமதித்த ஆள் கம்பெனியின் சர்வரோடு தொடர்புகொண்டு செய்ய வேண்டும். காயில் கட்டும் கடைக்காரருக்கு வேலை தெரியும், பாகமும் கையில் இருக்கிறது. ஆனாலும் வேலையை முடிக்க முடியாது.

மோட்டாரில் இது கற்பனை. போனில் நடைமுறை.

பாகத்துக்குள் இருக்கும் சிப்

கடைக்காரர்கள் ‘காம்போ’ என்று சொல்வது டிஸ்ப்ளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டிய தொகுப்பை. அதற்குப் பின்னால் பேட்டரி, சார்ஜிங் போர்டு, கேமரா, எல்லாவற்றையும் ஆளும் மதர்போர்டு. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இவை பெரும்பாலும் ‘ஊமைப்’ பாகங்கள். மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும், யார் பொருத்தினார்கள் என்று கேட்காது.

இன்றைய பல போன்களில் காம்போவின் பட்டை வயரில் ஒரு சின்ன மெமரி சிப் இருக்கிறது. பேட்டரியின் தலைப்பகுதியிலும் ஒரு குட்டி சர்க்யூட் போர்டும் சிப்பும் இருக்கின்றன. இவற்றுக்கு நியாயமான வேலை உண்டு. எத்தனை முறை சார்ஜ் ஏறியது, எவ்வளவு சூடானது என்று பேட்டரி சிப் கணக்கு வைக்கும். அந்தக் குறிப்பிட்ட திரைக்கு நிறம் எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை டிஸ்ப்ளே சிப் வைத்திருக்கும். கூடவே சீரியல் எண்ணும் இருக்கும். சீரியல் எண் என்பது ஒரு பாகத்துக்கு மட்டுமே உரிய அடையாள எண். மாடல் எண் ஆயிரக்கணக்கான பாகங்களுக்குப் பொதுவாக இருக்கும். இது ஒன்றுக்கு ஒன்றுதான்.

ஆலையில் போனைப் பொருத்தி முடிக்கும்போது, இந்தச் சீரியல் எண்கள் மதர்போர்டோடு சேர்த்துப் பதியப்படுகின்றன. பிறகு போன் பாகத்தின் எண்ணைக் கேட்டு, பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இதற்குப் பாகப் பிணைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா போனிலும் எல்லாப் பாகத்திலும் இது இல்லை. இருக்கும் இடத்தில், பாகத்தைக் கழற்றி மாட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, புது எண்ணைப் போன் ஒப்புக்கொள்ள வைப்பது. அந்த மீதிப் பாதி ஒரு சாஃப்ட்வேர் வேலை, அதன் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

இங்கே ஒரு கணம் நின்று பார்ப்போம். பாகங்களுக்கு இப்போது சிப் இருக்கிறது, சிப்பில் தனி எண் இருக்கிறது, போன் அந்த எண்ணைச் சரிபார்க்கிறது. ஒரே மாதிரி இரண்டு புதுப் போன்களை வாங்கி டிஸ்ப்ளேயை ஒன்றுக்கொன்று மாற்றினாலும் இரண்டிலும் எச்சரிக்கை வர வாய்ப்பு உண்டு. இரண்டு டிஸ்ப்ளேயும் அசல் ஒரிஜினல்.

பூட்டு எவ்வளவு தூரம் போகும்

சில போன்களில் வெறும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். சிலவற்றில் ஒரு வசதி காணாமல் போகும். ஐபோனில் அறையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதி போய்விடுவதும், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கணக்கு காட்டாமல் போவதும் கடைகளில் பல ஆண்டுகள் தினமும் பார்த்த விஷயம். இன்னும் சிலவற்றில் முக்கியமான ஒரு வேலையே நின்றுவிடும்.

நின்றுபோனதற்கு மிகப் பெரிய உதாரணம் ‘எரர் 53’. கைரேகை பார்க்கும் ஹோம் பட்டனை வெளிக்கடையில் மாற்றியிருந்த ஐபோன்கள் பல, அவற்றின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸுக்கு அப்டேட் போட்டதும் மொத்தமாகச் செத்துப்போயின. போட்டோ, போன் எண்கள் எல்லாம் உள்ளே. 2016 பிப்ரவரியில் உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தபின் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, போன்களை மீட்கும் அப்டேட்டைக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. வெளிக்கடையில் ரிப்பேர் செய்ததையே காரணம் காட்டி, வாடிக்கையாளர்களுக்கு நிவாரணம் கிடையாது என்று சொன்னதற்காக 2018-ல் அந்நாட்டு நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2021-ல் ஐபோன் 13 வந்தபோது அதே கதை வேறு உருவத்தில் வந்தது. டிஸ்ப்ளேயை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. ஃபேஸ் ஐடியின் கேமரா டிஸ்ப்ளேயிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பு வந்ததும் ஆப்பிள் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில் அதைச் சரிசெய்தது. ஓர் அப்டேட்டில் திறக்க முடிந்த பூட்டு அது.

கடைக்காரர் இதை எப்படிச் சமாளிக்கிறார்

வெளியே பேசப்படாத வேலை இது. நம் ஊர் மொபைல் கடைகளில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, பழைய காம்போவில் இருக்கும் சிப்பை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி எடுத்து, புதுக் காம்போவில் சால்டர் செய்து ஒட்டுவது. பழைய சிப்போடு பழைய எண்ணும் வந்துவிடுவதால் போன் மாற்றத்தை உணராது. எறும்பளவு இருக்கும் சிப் அது. கொஞ்சம் சூடு கூடினாலும் பட்டை வயர் கருகும், காம்போ குப்பைக்குப் போகும், நஷ்டம் கடைக்காரருக்கு. இன்னொரு வழி, கைக்கு அடக்கமான ஒரு புரோகிராமர் கருவியால் பழைய சிப்பின் தகவலைப் படித்துப் புதுச் சிப்பில் எழுதுவது.

பேட்டரியில் இது இன்னும் கவலைக்குரியது. எச்சரிக்கை வரக்கூடாது என்பதற்காக, பழைய பேட்டரியின் குட்டி போர்டை வெட்டி எடுத்து, புது செல்லோடு ஸ்பாட் வெல்டிங் செய்கிறார்கள். லித்தியம் செல்லின் முனைகளில் வெட்டுவதும் வெல்டு வைப்பதும் விளையாட்டு இல்லை. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பாதுகாப்புக்காகத்தான் பிணைப்பு வைத்திருக்கிறோம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் முழுப் பேட்டரியை அப்படியே கழற்றி மாட்டும் எளிய, ஆபத்துக் குறைந்த வேலையை, செல்லை வெட்டி ஒட்டும் வேலையாக மாற்றுவதே அந்தப் பிணைப்புதான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். திறமையுள்ள ஒரு தொழிலாளியை ஆபத்தான வழிக்குத் தள்ளிவிட்டு, பிறகு வெளிக்கடை ஆபத்தானது என்று சொல்வது நியாயமில்லை.

பிணைப்பைத் தவிர வேறு தடைகளும் இருக்கின்றன. உள் திருகுகளுக்கும் வெளித் திருகுகளுக்கும் வித்தியாசமான தலைகள், கடைகளில் எளிதில் கிடைக்காத ஸ்க்ரூடிரைவர், கெட்டியான பசையால் ஒட்டிய பேட்டரி. திருகும் பசையும் பெரிய பிரச்சினை இல்லை. கருவி வந்துவிடும், பசைக்குச் சூடு போதும். கஷ்டம் தருவது வேறு: பல நிறுவனங்கள் ஒரிஜினல் பாகங்களை வெளியே விற்பதில்லை, மதர்போர்டின் சர்க்யூட் படத்தைத் தருவதில்லை. ஃபர்ஸ்ட் காப்பி, காப்பி என்று சந்தையில் தரம் தெரியாத சரக்கு நிறைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரிஜினல் விற்பனைக்கே இல்லாத இடத்தில் காப்பிதான் விற்கும்.

நிறுவனங்கள் சொல்வதில் எது நியாயம்

எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. கைரேகை சென்சார் விஷயத்தில் காரணம் உண்மையானது. யாரோ ஒருவர் தன் சென்சாரை மாட்டிப் போனை ஏமாற்றித் திறக்க முடியாதபடி, சென்சாரும் மதர்போர்டும் ஒன்றையொன்று அறிந்திருப்பது நல்லதுதான். திருட்டுப் போன்களைப் பிரித்துப் பாகமாக விற்பதைத் தடுக்கப் பிணைப்பு உதவும் என்பதிலும் பொருள் இருக்கிறது. மட்டமான லித்தியம் பேட்டரி ஆபத்தானது என்பதும் உண்மை.

ஆனால் இவற்றில் எதுவும் நிறுவனம் மட்டுமே கடைசி வேலையைச் செய்ய வேண்டும் என்று கோரவில்லை. கூகுள் தன் பிக்சல் போன்களில் டிஸ்ப்ளே மாற்றிய பின் கைரேகை சென்சாரைச் சரிசெய்யும் சாஃப்ட்வேரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஆப்பிளும் 2024-ல் ஐஓஎஸ் 18-உடன், வேறொரு ஐபோனிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாகத்தைப் பொருத்திய பின் போனிலேயே சரிசெய்துகொள்ளும் வசதியைக் குறிப்பிட்ட மாடல்களுக்குக் கொண்டுவந்தது. திருட்டுப் போனின் பாகமாக இருந்தால் அது மறுக்கும். திருட்டையும் தடுக்கலாம், ரிப்பேரையும் அனுமதிக்கலாம் என்பது இதிலேயே தெரிகிறது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி, 2021 மே மாதம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ரிப்பேர் தடைகளுக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்று எழுதியது.

உரிமை என்று கேட்பது எதை

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால் கேள்வி தெளிவாகும். பாகம், கருவி, விவரம், கடைசியில் போனை ஒப்புக்கொள்ள வைக்கும் சாஃப்ட்வேர் ஆகிய நான்கும் இருந்தால்தான் ரிப்பேர் முழுமையாகும். இந்த நான்கையும் தன் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், நியாயமான விலையில் வெளிக்கடைக்கும் உரிமையாளருக்கும் நிறுவனம் தர வேண்டும் என்பதே பழுதுபார்க்கும் உரிமை.

இலவச ரிப்பேர் கேட்பதாக இதைப் பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து போனைப் பிரிக்க வேண்டும் என்பதும் இதன் பொருள் இல்லை. மோட்டாருக்கு நாம் யாரும் வீட்டில் காயில் கட்டுவதில்லை. யாரிடம் கொடுப்பது என்பதை நாம் தீர்மானிக்க முடிகிறது, அவ்வளவுதான் கேட்கப்படுவது.

இது நகரத்தில் இருப்பவருக்குச் சின்ன வசதியாகத் தோன்றலாம். தாளவாடி மலையில் இருப்பவர் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் இறங்கி, சத்தியமங்கலம் கடந்து ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரருக்கு, போன் ஒரு நாள் இல்லையென்றால் வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழி அடைபடும், சர்வீஸ் சென்டரில் காத்திருந்தால் அன்றைய ஷிப்ட் போகும். கம்பெனித் தெருவிலேயே இருக்கும் சின்னக் கடை அவர்களுக்கு அத்தியாவசியம். அந்தக் கடையில் வேலை கற்றுக்கொண்டு பிழைப்பவர்களும் நம் பிள்ளைகள்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

நம் நாட்டில் சொந்தப் போனை வெளிக்கடையில் பிரித்து ரிப்பேர் செய்வது குற்றம் என்று எந்தச் சட்டமும் இல்லை. தடை சட்டத்தில் இல்லை, போனுக்குள் இருக்கிறது. ஆனால் பாகத்தையும் சாஃப்ட்வேரையும் வெளிக்கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று போன் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமும் இன்னும் வரவில்லை.

இருந்தாலும் நம்மிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளி ஒர்க்‌ஷாப்பில் விட்டாலே வாரன்டி மொத்தமாகப் போய்விடும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அபராதக் கணக்கு பிறகு மாறியது. ஆனால் காருக்குச் சொன்ன அந்த வாதம் போனுக்கும் வரிக்கு வரி பொருந்துகிறது.

மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் இதற்கென்று ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. எந்த நிறுவனம் என்ன ரிப்பேர் விவரம், என்ன வாரன்டி தருகிறது என்பதை ஒரே இடத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். அடுத்து வந்தது பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய பேச்சு. ஃபிரிட்ஜில் மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திரம் ஒட்டியிருப்பதுபோல, ஒரு போனை ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று வாங்கும்போதே மதிப்பெண் காட்டுவது. பிரான்ஸ் 2021 ஜனவரியில் 10-க்கு இத்தனை என்று இதைக் காட்டத் தொடங்கியது. நம் நாட்டுக்கு எப்படி அமைக்கலாம் என்று ஆராய்ந்த குழு 2025-ல் அறிக்கை கொடுத்துவிட்டது.

மற்ற நாடுகள் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் இயற்றிய சட்டம், 2025 தொடக்கத்திலிருந்து விற்பனைக்கு வரும் சாதனங்களில் பாகப் பிணைப்பைப் பயன்படுத்தி ரிப்பேரைத் தடுக்கக்கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கியமான உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். அந்த நாடுகளில் விற்பதும் இங்கே விற்பதும் பெரும்பாலும் ஒரே மாடல்கள்தான். அங்கே தர முடிகிற பாகத்தை இங்கேயும் தர முடியும்.

போனைக் கடையில் கொடுக்கும் முன்

புதுப் போன் வாங்கும்போதே அந்த மாடலுக்கு காம்போ என்ன விலை, உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் அளவுக்கு இதையும் கேட்க வேண்டும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, போடப்போவது ஒரிஜினலா, வேறு போனிலிருந்து கழற்றியதா, காப்பியா என்று நேராகக் கேளுங்கள். மாற்றிய பிறகு எச்சரிக்கை வருமா, எந்த வசதி போகும் என்பதையும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும், சொல்லவும் தயங்கமாட்டார். முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, பில்லில் பாகத்தின் வகையையும் கடை தரும் வாரன்டியையும் எழுதி வாங்குங்கள். தகராறு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசும்போது பில்தான் ஆதாரம்.

பேட்டரி மாற்றும்போது செட்டிங்ஸில் எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, முழுப் பேட்டரியையே மாட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி எச்சரிக்கையை மறைப்பதற்காகச் செல்லை வெட்டி ஒட்ட வேண்டாம். பழைய பேட்டரி உப்பியிருந்தால் அதை வீட்டுக்கு எடுத்து வராமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே விஷயத்தில் நேர்மாறு: உடைந்த பழைய காம்போவைக் கேட்டு வாங்கி வையுங்கள். சிப்பை எடுத்துப் புதுக் காம்போவில் ஒட்டியிருக்காவிட்டால், உங்கள் போன் அறிந்திருக்கும் சிப் அதில்தான் இருக்கும், அடுத்த முறை டிஸ்ப்ளே போனால் அது தேவைப்படலாம்.